ஜாடிகள் ஊறிக்கொண்டிருக்கின்றன

மார்ச் 5, சாம்பல் புதன்

தாசையா காலையிலேயே டிவிஎஸ் ஃபிப்டியில் வந்து இறங்கி, சாக்கைப் பிரித்து, நாலு கண்ணாடிப் பூஜாடிகளை அடுக்களை மேடைமேல் வைத்துவிட்டுப் போனான். கோயிலில் மணி அடிப்பதும் கதவு திறப்பதும் மெழுகுவர்த்தி ஏற்றுவதும் அவன் வேலை. "இந்த வருசம் உங்க முறை யக்கா. ஈஸ்டருக்கு முன்னால வந்து எடுத்துக்கிடுதேன்," என்றான்.

லெந்து நாட்களில், ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் நோன்பில், எங்கள் கோயிலில் பீடத்துக்குப் பூ கிடையாது. அந்த நாட்களில் ஜாடிகள் யாராவது ஒரு வீட்டுக்குப் போய்க் கறை நீங்கி வரவேண்டும். வருஷத்துக்கு ஒரு வீடு. ஈஸ்டர் விடியற்காலை ஆராதனையில் அந்த வீட்டுப் பெண்களே அவற்றில் வெள்ளைப் பூ வைத்து, சபை முழுக்க எழுந்து நிற்க, நடுவழியே தூக்கிக்கொண்டு போய்ப் பீடத்தில் வைப்பார்கள். போன வருஷத்து வீட்டைவிட இந்த வருஷத்து வீடு பளிச்சென்று காட்டவேண்டும். காட்டாவிட்டால் பெண்கள் ஐக்கிய சங்கத்துக்கு ஒரு வருஷத்துக்குப் பேச்சுக் கிடைத்துவிடும். சங்கத்துச் செயலாளர் எமிலி. என் மகளுடைய மாமியார்.

ஜாடிகளைப் பார்த்ததும் என் வாயில் வந்தது லெந்து நாளில் எழுதுகிற வார்த்தை இல்லை. மோர் குடித்துவிட்டுக் கழுவாமல் போட்ட டம்ளர் மாதிரி நாலும் வெளுத்துக் கிடக்கின்றன. கோயில் போர்வெல் தண்ணீர் அப்படி. கையில் அள்ளினாலே பிசுபிசுக்கும்.

மகள் ஹெப்சி ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே வந்துவிட்டாள். பத்து நாள் இருந்துவிட்டுப் போவாளாம். மாப்பிள்ளை கிப்சன் கொண்டுவந்து விடவில்லை, ஆட்டோவில் வந்தாள். பையில் நாலு சுடிதார், கூடவே எம்.எஸ்ஸி. சர்டிபிகேட் ஃபைல். பத்து நாள் இருக்க வருகிறவளுக்குச் சர்டிபிகேட் எதற்கு என்று நான் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன். வருகிறவர்கள் வாயைப் பிடுங்கிப் பேசவைக்கிற வழக்கம் இந்த வீட்டில் இல்லை.

மார்ச் 6

ஊறுகாய்க்கு வாங்கிய வினிகரை வெதுவெதுப்பான தண்ணீரில் கலந்து நாலு ஜாடியிலும் ஊற்றி வைத்தேன். வேறு விசேஷம் இல்லை. ஹெப்சி மத்தியானம் சாப்பிடவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

ஹெப்சிக்குத் தலைவலி. நான் மட்டும் கோயிலுக்குப் போனேன். கிப்சன் பாடகர் குழுவில் முன்வரிசையில் நின்று பாடினான். நல்ல குரல், யார் இல்லை என்றார்கள். கேட்டுக்கொண்டிருந்த பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். வாசலில் எமிலி என் தோளைத் தொட்டு, "பிள்ள ரெஸ்ட் எடுக்கட்டும் மைனி. எனக்கும் ஒரு வாரமா வேல கம்மி," என்றாள். வேலையைச் செய்கிறவள் என் வீட்டில் இருக்கும்போது இவளுக்கு எப்படி வேலை குறையும்?

வீட்டுக்கு வந்து ஜாடிகளைக் கவிழ்த்தேன். முதல் ஜாடியின் வளையம் வளையமான உப்புக்கறை தோலாக உரிந்து விழுந்தது. பார்க்க ஆசையாக இருந்தது. ஹெப்சியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் யாருடனோ போனில் பேசிக்கொண்டிருந்தாள், வலது காதில் வைத்து.

வலது காதில்.

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் தலை நரைக்கும்வரை உட்கார்ந்திருந்தவள் நான். வலது கை எழுதிக்கொண்டிருக்க, ரிசீவர் இடது காதில் இருக்கவேண்டும் என்று பள்ளிக்கூடம் போகிற வயதிலேயே அவளைப் பழக்கியிருக்கிறேன். செல்போன் வந்த பிறகும் அவள் அதை மாற்றவில்லை.

மார்ச் 11

அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். இடது பக்கமாகப் போய் நின்று, எக்ஸ்சேஞ்சில் பேசுவோமே, அந்தச் சன்னக் குரலில், "ஏட்டி, உனக்கு நெத்திலி பொரிக்கவா?" என்றேன். நெத்திலி என்றால் தூக்கத்திலிருந்து எழுந்து வருகிற பிள்ளை. திரும்பவில்லை. வலது பக்கம் போய் அதையே சொன்னேன். "பொரிங்களேன்," என்றாள்.

"இடது காதுல என்ன?"

"குளிக்கும்போது தண்ணி போயிருக்கும்மா."

சரி, தண்ணீர்தான். நெத்திலி பொரித்தேன். பாதியைக் கருக்கிவிட்டேன்.

மார்ச் 13

காது டாக்டரம்மாவிடம் கூட்டிக்கொண்டு போனேன். கருவியை வைத்துப் பார்த்துவிட்டு, அந்த அம்மாள் என்னை வெளியே இருக்கச் சொன்னார். வெளியே வரிசையில் இருந்தேன். பக்கத்திலிருந்த ஒருத்தி தன் மருமகளின் சைனஸ் கதை முழுவதையும் சொன்னாள். நான் ம் கொட்டினேன். ஒரு எழுத்து ஏறவில்லை.

செவிப்பறை கிழிந்திருக்கிறதாம். தானே மூடிக்கொள்ளலாம், மூடாமலும் போகலாம். தண்ணீர் படக்கூடாது. ஆட்டோவில் ஹெப்சி வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். நானும் என் பக்கத்துத் தெருவைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

சாயங்காலம் நாலாவது ஜாடியை எடுத்தேன். மற்ற மூன்றும் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுக்கின்றன, இது மட்டும் அசையவில்லை. புளியைக் கரைத்து ஊற்றித் தேங்காய் நாரால் தேய்த்தேன். வலது கையில் இரண்டு நகம் உடைந்ததை அப்புறம்தான் பார்த்தேன்.

மார்ச் 16, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. இரண்டு பேருக்கும் தலைவலி என்று வைத்துக்கொள்ளட்டும்.

ஒடுங்கிய கழுத்துள்ள ஜாடிக்குள் கை போகாது. அதற்குப் பச்சரிசியும் கல்லுப்பும் எலுமிச்சைச் சாறும் போட்டு, வாயைப் பொத்திக்கொண்டு குலுக்கவேண்டும். ஹெப்சி, "குடுங்க, நான் குலுக்குதேன்," என்று வாங்கிக்கொண்டாள். கலகலவென்று ஒரே சத்தம். அந்தச் சத்தத்துக்குள்ளேயே பேச ஆரம்பித்தாள். கையை நிறுத்தவே இல்லை.

"சட்ட இஸ்திரி சரியில்லன்னு ஆரம்பிச்சாவ. பாட்டு பிராக்டீசுக்குப் போட்டுட்டுப் போற சட்ட."

குலுக்கினாள்.

"இது மூணாவது வாட்டி. காதுல பட்டது இதான் மொதல்."

குலுக்கினாள்.

"அத்தை ஹால்லதான் இருந்தாவ. டிவி சத்தத்தக் கூட்டி வச்சாவ."

பிறகு குலுக்குவதை நிறுத்திவிட்டு அரிசியைக் கொட்டினாள். "இந்த எடத்துல போயிருக்கு பாருங்க," என்று ஜாடியை வெளிச்சத்தில் காட்டினாள். ஆமாம், போயிருந்தது. அவளைக் கட்டிக்கொண்டு அழுதிருக்கவேண்டும். எனக்கு அழுகை வரவில்லை. அந்த எமிலி இரண்டு கையையும் உயர்த்தி ஜெபிக்கிறதைப் பின்வரிசையில் இருந்து எத்தனை வருஷம் பார்த்திருப்பேன்.

"இங்கயே இரு," என்றேன்.

"ஊரு என்ன சொல்லும்?"

"ஊரு எப்பவும் ஏதாவது சொல்லிக்கிட்டுத்தான் இருக்கும். அதுக்கு அதான் வேல."

மார்ச் 20

எமிலி ஆரஞ்சுப் பழத்தோடு வந்தாள். நேராக அடுக்களைக்கே வந்துவிட்டாள். ஹெப்சி உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"என்ன மைனி, இன்னும் ஊறிக்கிட்டா இருக்கு?"

"ஊறட்டும் மைனி. வருசக்கணக்கா ஏறின கறை."

"பிள்ளய எப்ப அனுப்புதிய? கிப்சன் சரியாவே சாப்பிட மாட்டேங்கான்."

"பாளையங்கோட்டைல ஓட்டலுக்கா பஞ்சம்?"

அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். "குடும்பம்னா நாலு இருக்கத்தான் செய்யும். அடிக்கிற கைதான் மைனி அணைக்கும்," என்றாள்.

"அப்ப அவன் அடிச்சது உங்களுக்குத் தெரியும்."

"நான் அப்பிடிச் சொல்லலியே."

"தெரியாம இருக்கத்தான டிவிய கூட்டி வச்சிய?"

எமிலி ஆரஞ்சுப் பையை மேடையில் வைத்தாள், மறுபடி எடுத்தாள், மறுபடி வைத்தாள். பிறகு சங்கத்துச் செயலாளர் குரலுக்கு வந்துவிட்டாள். "குருத்தோலை ஞாயிறுக்குள்ள பிள்ள வீட்டுக்கு வந்துறணும். ஈஸ்டருக்கு ரெண்டு பேரும் சேந்து கோயிலுக்கு வரட்டும். இல்லன்னா பூ முறைய சங்கம் வேற வீட்டுக்குக் குடுத்துரும். வீட்டுல சமாதானம் இல்லாதவிய பீடத்துக்கிட்ட வரக்கூடாதுன்னு நாலு பேரு பேசுதாவ."

"அந்த நாலு பேரையும் இங்க வரச் சொல்லுங்க. ஆளுக்கொரு ஜாடி குடுக்கேன், தேய்க்கட்டும்."

போய்விட்டாள். ஹெப்சி வெளியே வந்து ஒரு ஆரஞ்சை உரித்தாள். பாதியை என்னிடம் நீட்டினாள். பழத்துக்கு என்ன பகை? தின்றோம்.

மார்ச் 25

தாசையா வந்தான். சங்கத்தில் ஜாடிகளை வாங்கிவரச் சொன்னார்களாம்.

"ஊறிக்கிட்டு இருக்கு," என்றேன்.

எட்டிப் பார்த்தான். மூன்று ஜாடி துண்டின்மேல் கவிழ்ந்து காய்ந்துகொண்டிருந்தன. "சரி யக்கா, ஊறிக்கிட்டு இருக்குன்னு சொல்லிருதேன்," என்று போய்விட்டான்.

மார்ச் 29

நாலாவது ஜாடியைப் பற்றித் தீர்ப்பு வந்துவிட்டது.

ஒரு விஷயம் எனக்குப் பிடிபடவே இல்லை. தண்ணீரில் இருக்கும்போது அது பளிங்காக இருக்கிறது. அப்பாடா என்று எடுத்துக் காயவைத்தால் அரைமணியில் மறுபடி புகை மூடுகிறது. வினிகர், புளி, எலுமிச்சை, பொடித்த முட்டை ஓடு, ஆப்பச் சோடா எல்லாம் பார்த்தாயிற்று. இன்றைக்குச் செங்கல்பொடியை எடுத்தேன். ஹெப்சி என் கையைத் தட்டிவிட்டாள்.

"நீங்களுமாம்மா? இதப் போட்டுத்தான் இது இப்பிடி ஆயிருக்கு."

ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டினாள். அப்போதுதான் தெரிந்தது. மயிரிழை மயிரிழையாக ஆயிரம் கீறல். உள்ளேயும் வெளியேயும்.

"இது கறையில்ல. கண்ணாடியே தேஞ்சு போச்சு. ஈரத்துல கீறல் நிரம்பி மறைஞ்சுக்கிடும், காஞ்சா தெரியும். இனி என்ன போட்டாலும் தெளியாது."

எங்கள் ஆட்கள் செய்கிற காரியம்தான். சனிக்கிழமைதோறும் பித்தளைக் குத்துவிளக்கையும் மெழுகுவர்த்தித் தண்டையும் செங்கல்பொடி போட்டுத் தேய்த்துப் பழகிய கை. அதே கையோடு கண்ணாடியையும் தேய்த்திருக்கிறோம். போன வருஷத்து வீட்டைவிட என் வீடு ஒரு படி மேல் என்று காட்ட, ஒவ்வொரு வீடும் இன்னும் கொஞ்சம் அழுத்தி. சங்கத்து அலமாரியில் இதற்கு முன்னால் இருந்த ஜாடிகளும் இப்படித்தான் போயிருக்கும். "கோயில் தண்ணி சரியில்ல," என்று தண்ணீர்மேல் பழியைப் போட்டுவிட்டு எல்லாரும் தப்பித்துக்கொண்டோம்.

ஹெப்சி இன்றைக்குத்தான் ரொம்ப நாளைக்கப்புறம் ஒரு விஷயத்தைப் பற்றி நிறுத்தாமல் பேசினாள். சிலிக்கா, காரம், அமிலம் என்று என்னென்னவோ சொன்னாள். பாதி புரியவில்லை. இன்னும் பேசட்டும் என்று புரியாததையெல்லாம் திரும்பத் திரும்பக் கேட்டேன். இந்தப் பிள்ளையைத்தான் காலேஜில் கெமிஸ்ட்ரி நடத்துகிற வேலையை விடச் சொல்லி சட்டை இஸ்திரி போட வைத்திருந்தார்கள்.

ஏப்ரல் 3

குருவானவர் வந்தார். நல்ல மனிதர், சின்ன வயசு. குரலைத் தாழ்த்தி, இது மன்னிப்பின் காலம், தம்பி கிப்சன் ரொம்ப வருத்தத்தில் இருக்கிறார் என்றார்.

"என்ன செஞ்சேன்னு உங்ககிட்ட சொன்னானாய்யா?"

"ஏதோ மனஸ்தாபம்னு..."

"என்ன செஞ்சான்னே தெரியாம நீங்க எத மன்னிக்கச் சொல்லுதிய?"

அவர், என்ன நடந்தது, சொல்லுங்கள் என்றார். நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் எமிலிக்கு ஏற்கெனவே தெரியும், அதனால் அவளிடம் பேசினேன். தெரியாதவரிடம் எடுத்துச் சொல்ல அது என் காதில்லை. "எம் மக சொல்லுவா. சொல்லும்போது கேட்டுக்கிடுங்க," என்றேன். உள்ளறையில் கட்டில் கிறீச்சிட்டது. அவள் எழுந்தாளா, படுத்தாளா தெரியவில்லை. வெளியே வரவில்லை.

குருவானவர் ஜெபம் செய்துவிட்டுப் போனார். ஜெபம் சுருக்கமாகத்தான் இருந்தது.

ஏப்ரல் 8

தாசையா. ஊறிக்கொண்டிருக்கிறது. காப்பி குடித்துவிட்டுப் போனான்.

ஏப்ரல் 13, குருத்தோலை ஞாயிறு

கிப்சன் வந்தான். கையில் ஓலைச் சிலுவை. முடி வெட்டி, சவரம் செய்து, பார்க்கிறவர்கள் பெண் கொடுக்கிற மாதிரி. எனக்கு ஸ்தோத்திரம் சொன்னான். கவிழ்த்திருந்த ஜாடிகளைப் பார்த்து, "அத்தை கை பட்டா கண்ணாடியும் வைரந்தான்," என்றான். இந்தப் பேச்சில்தானே விழுந்தோம்.

ஹெப்சியைப் பார்க்கவிடக்கூடாது என்று வாசலை அடைத்துத்தான் நின்றேன். அவளே வெளியே வந்துவிட்டாள். உட்காரவில்லை. அவன் அவள் பக்கத்தில் போய் நின்று மெதுவாக, ரொம்ப மெதுவாகப் பேசினான். கோயிலில் பாடுகிற அதே குரல். அவள் தலையைத் தலையை ஆட்டினாள். போகும்போது என்னிடம், "ஈஸ்டருக்குச் சேந்தே வந்திருவோம் அத்தை. மத்தத அப்புறம் பேசிக்கிடலாம்," என்றான்.

அவன் போனதும் கேட்டேன். "என்ன சொன்னான்?"

"பாதி கேட்டுச்சு. பாதி கேக்கல."

அப்புறம் பையை எடுத்து வைத்து ஒவ்வொரு சுடிதாராக மடிக்க ஆரம்பித்தாள்.

போகிறாள் என்றால் போகட்டும். முப்பது வயசுப் பிள்ளையைக் கயிறு கட்டியா நிறுத்த முடியும். அவளுக்கு வாழ்க்கை, அவளுக்குத் தெரியும்.

மேலே எழுதினதை அடித்துவிடலாம் என்று பார்த்தேன். கிடக்கட்டும், பொய் என்று தெரிந்தே எழுதினது. போகக்கூடாது. ஆண்டவரே, இவள் அங்கே போகக்கூடாது. சட்டி சாமான் எல்லாம் அங்கேயே கிடந்து மக்கட்டும், என் பிள்ளை போகக்கூடாது.

ஏப்ரல் 14

பை கதவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஜிப் திறந்து கிடக்கிறது. நான் அதைத் தாண்டிப் போகிறேன், வருகிறேன். பெருக்கும்போது அதைச் சுற்றிப் பெருக்கினேன்.

ஏப்ரல் 15

சாயங்காலம் நாலாவது ஜாடியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள்.

"இத என்ன செய்யணும்? சங்கத்துல நீங்கதான் கெடுத்தியன்னு சொல்லுவாவ."

"பெரணி இலையச் சுத்தி வச்சுருவோம். புகை தெரியாது."

"வேண்டாம்."

"பின்ன?"

"இருக்கறபடியே இருக்கட்டும். எல்லாரும் பாக்கட்டும்." ஜாடியைக் கீழே வைத்தாள். "ஈஸ்டருக்கு ஒரு ஜாடிய நானும் தூக்குதேன்மா."

"யாருகூட வாரே?"

"உங்ககூட."

நான் எழுந்துபோய் பால் காய்ச்சினேன். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. வழியட்டும் என்று பார்த்துக்கொண்டே நின்றேன். அவள் பையிலிருந்த துணிகளை அலமாரியில் வைக்கிற சத்தம் கேட்டது.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

மூன்று மணிநேர ஆராதனை. தனியாகத்தான் போனேன். எமிலி வரிசையில் எனக்கு இடம் விடவில்லை, பின்னால் தூணோரம் இருந்தேன். காற்று அங்கேதான் நன்றாக வந்தது.

ஏப்ரல் 19

எமிலியின் போன். சங்கம் பூவுக்கு வேறு வீட்டில் சொல்லிவிட்டதாம்.

"பூவ அவிய வைக்கட்டும் மைனி. எதுல வைப்பாவ? ஜாடி எங்கிட்டல்லா இருக்கு."

போனை வைத்துவிட்டாள். கொஞ்ச நேரத்தில் தாசையா வந்தான். வண்டியை நிறுத்தக்கூட இல்லை. "ஊறுதா யக்கா?" என்று வாசலிலேயே கேட்டான். "ஊறுது தாசையா. காலைல நாங்களே கொண்டாந்திருவோம்," என்றேன். "மூணரைக்கே கதவத் தொறந்து வைக்கேன்," என்றான்.

ஹெப்சி பூக்கடைக்குப் போய் வெள்ளைச் சம்பங்கியும் வெள்ளைச் செவந்தியும் வாங்கிவந்தாள். அவளாகவே, தனியாக. காது டாக்டரம்மாவிடம் போனதைத் தவிர, ஒன்றரை மாதத்தில் இன்றைக்குத்தான் தெருவில் இறங்கினாள். பூக்காரி காம்பு நீளமாகப் பார்த்துப் பார்த்து எடுத்துக் கொடுத்ததாகச் சொன்னாள். காதுக்குப் பஞ்சு வைத்திருந்தாள். துப்பட்டாவைத் தலைமேல் போட்டு அதை மறைக்கவில்லை.

கிப்சனிடம் என்ன சொல்லவேண்டும் என்று இத்தனை நாளும் ஜாடி தேய்க்கும்போதெல்லாம் சொல்லிச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். ஒரு பிரசங்கமே மனப்பாடம். நாளைக்கு வாய் திறந்தானென்றால் இருக்கிறது அவனுக்கு.

ஏப்ரல் 20, ஈஸ்டர்

இன்றைக்கு நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

இருட்டோடு ஆட்டோவில் போனோம். பூ வைத்த ஜாடிகளை மடியிலும் காலிடுக்கிலும் வைத்துக்கொண்டு. வெள்ளை கட்டிய சபை முழுக்க உள்ளே இருந்தது. நிலைவாசலில் எமிலி நின்றாள். பக்கத்தில் வேறு வீட்டுப் பெண்கள் இரண்டு பேர், கையில் பூக்கூடை. எமிலி நாலாவது ஜாடியைக் கண்டுகொண்டாள்.

"என்ன மைனி இது? சபைச் சொத்த இப்பிடியா கெடுத்து வைப்பிய?"

நான் வாயெடுக்குமுன் ஹெப்சி சொன்னாள். "இது நாம எல்லாரும் செங்கல்பொடி போட்டுத் தேச்சுத் தேச்சுக் கெடுத்தது. இனி எந்த வீட்டுக்குக் குடுத்தாலும் தெளியாது. மத்த மூணையாவது தேய்க்காம விடுங்க."

கூடை வைத்திருந்தவர்களில் ஒருத்தி ஜாடியைக் குனிந்து பார்த்தாள். போன வருஷம் அவள் வீட்டு முறை. ஒன்றும் சொல்லாமல் நகர்ந்து வழிவிட்டாள். குருவானவர் பீடத்தருகே இருந்து எங்களைப் பார்த்தார். எமிலியையும் பார்த்தார். "கொண்டு வாங்க," என்றார்.

ஆளுக்கு இரண்டு ஜாடி, ஒரே தடவையில் தூக்க முடியாது. அதனால் நடுவழியே இரண்டு தடவை நடந்தோம். முதல் தடவை ஹெப்சி தரையைப் பார்த்து நடந்தாள். இரண்டாம் தடவை பீடத்தைப் பார்த்து நடந்தாள். பாடகர் குழுவில் கிப்சன் பாட்டை நிறுத்தவில்லை. அவன் எப்போது நிறுத்தினான்?

ஆராதனை முடிந்து வெளியே பன்னும் டீயும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். விடிந்துவிட்டது. வெள்ளை அங்கியோடு கிப்சன் சிரித்துக்கொண்டே வந்தான். வழியில் இரண்டு பேருக்கு ஈஸ்டர் வாழ்த்துச் சொன்னான். ஹெப்சியின் இடது தோளை ஒட்டி நின்று, குனிந்து, யாருக்கும் கேட்காத குரலில் ஏதோ சொன்னான். என் மனப்பாடம் தொண்டைக்கு வந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு அடி முன்னால் வைத்தேன்.

ஹெப்சி சொன்னாள். கத்தவில்லை. வகுப்பில் கடைசி பெஞ்சுக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"அந்தக் காது கேக்காது. நீங்க அடிச்ச காது அது. இந்தப் பக்கம் வந்து சத்தமா சொல்லுங்க, எல்லாருக்கும் கேக்கட்டும்."

டீ ஊற்றிக்கொண்டிருந்த தாசையா கெட்டிலை நிமிர்த்திக்கொண்டான். பன்னைக் கடித்தவர்கள் மெல்லவில்லை. கிப்சன் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தான், அந்தச் சிரிப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல்.

எமிலி ஓடிவந்தாள். "ஏட்டி, கோயில் வாசல்ல வச்சு என்ன பேச்சு இது?"

"அத்தை, இங்க கூட்டி வைக்க டிவி இல்ல."

கிப்சன், "இவளுக்கு மனசு சரியில்ல, வீட்டுக்குப் போய்ப் பேசிக்கிடுவோம்," என்று எல்லாரையும் பார்த்துச் சொல்லிக்கொண்டே அவள் முழங்கையை எட்டிப் பிடிக்கப் போனான். எங்கே இருந்து வந்தாரோ, குருவானவர் குறுக்கே வந்து நின்றார். "தம்பி, கைய எடுங்க. அங்கியக் கழட்டி வச்சிட்டு என் ரூமுக்கு வாங்க," என்றார். அவர் குரல் நடுங்கினது. ஆனாலும் சொன்னார்.

ஹெப்சி அவரிடமும் சொன்னாள். "ஐயா, நாளைக்கு நான் மகளிர் ஸ்டேஷனுக்குப் போறேன். டாக்டர் சீட்டு இருக்கு. சபையில விசாரிக்கறது உங்க இஷ்டம். நான் அந்த வீட்டுக்கு இனி போகமாட்டேன்."

என் பிரசங்கத்தில் ஒரு வார்த்தைகூட நான் பேசவில்லை. பேச இடமே இல்லை. எல்லாவற்றையும் அவளே பேசிவிட்டாள், நான் வைத்திருந்ததைவிடச் சுருக்கமாக, நான் வைத்திருந்ததைவிட நன்றாக.

ஆட்டோ பிடித்தோம். பெருமாள்புரம் வளைவு வந்தது. எனக்குள்ளே ஒரு பக்கம் சந்தோஷம், வெட்கம் கெட்ட சந்தோஷம், தெருவில் இறங்கிக் கும்மியடிக்கலாம் போல.

"யம்மா."

"என்னட்டி?"

"கைய விடுங்க."

பார்த்தேன். கோயில் வாசலில் பிடித்த அவள் மணிக்கட்டை இன்னும் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறேன். விட்டேன். என் நாலு விரலும் அந்தக் கையில் சிவப்பாகப் பதிந்திருந்தன.

"வலிக்குதா?" என்றேன்.

"வலிச்சுது," என்றாள். கையை உதறிக்கொண்டாள். "நாளைக்கு ஸ்டேஷன்ல பிடிக்காதிய. சும்மா பக்கத்துல இருங்க, அது போதும்."

சரி என்றேன்.